வில்லிஸ் ஜீப்பின் ஸ்டியரிங் மாற்றம்

மூல அமைப்பு: ராஸ் வகைப் பெட்டி, 1941–1945
மாற்று: சாகினா வகைப் பெட்டி

இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் எம்பி ஜீப்புக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். 1940-களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. நம் மலைத் தோட்டங்களில் ஜீப் வேரூன்றியது அதன் பிறகுதான்.

பழைய ராஸ் ஸ்டியரிங் பெட்டிக்குள் பாருங்கள். சுருள் பள்ளம் வெட்டிய உருளையில் இரண்டு கூர்முனை ஊசிகள் உராய்ந்தபடி நகர்கின்றன. ஊசி தேயத் தேய ஸ்டியரிங்கில் 'ப்ளே' எனும் ஆட்டம் கூடும். பெட்டியிலிருந்து வரும் தண்டு, முன் அச்சின் நடுவிலுள்ள பெல் கிராங்கைத் திருப்பும். அதிலிருந்து இரு டை ராடுகள் சக்கரங்களுக்குச் செல்லும். பெல் கிராங்கின் ஊசி தேய்ந்தாலும் இதே ஆட்டம்தான். காட்டுப் பாதையில் மெல்லப் போகும்போது பொறுத்துக்கொள்ளலாம். நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையின் வேகத்தில் அது ஆபத்து.

சாகினா பெட்டியில் திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டு சுழல்கின்றன. உராய்வு குறைவு, கைக்கு இலகு. அமெரிக்க ஜீப் தயாரிப்பாளர்களே 1972 மாதிரி முதல் இவ்வகைக்கு மாறினர்.

புதிய பெட்டி உருவில் பெரியது. அதைத் தாங்க சேஸிஸில் தனித் தகடு பொருத்த வேண்டும். முழு வேலையிலும் அதிகக் கவனம் வேண்டியது இந்தத் தகட்டில்தான். அதன் வெல்டிங் விட்டுப்போனால் வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்காது.