கற்பூரவல்லியில் ஓம வாசனை வருவது ஏன்?

சளி பிடித்தால் பஜ்ஜியாகவோ கஷாயமாகவோ வந்துவிடும் கற்பூரவல்லி. தடித்த, பூனைமயிர் படர்ந்த அந்த இலையைக் கசக்கினால் ஓம வாசனை. ஆனால் கற்பூரவல்லி துளசிக் குடும்பம். ஓமம் கொத்தமல்லிக் குடும்பம். உறவே இல்லை. பிறகு எப்படி?

விடை இலையின் வாசனை எண்ணெயில் இருக்கிறது. இலையை நீரில் கொதிக்கவிட்டால் ஆவியோடு அந்த எண்ணெயும் கிளம்பும். எண்ணெயின் கூறுகள் தனியே கொதிக்க 230 டிகிரிக்கு மேல்கூட வேண்டும். நீராவி துணையிருந்தால் 100 டிகிரிக்குள்ளேயே வந்துவிடும். குளிரவைத்தால் நீர்மேல் மெல்லிய மஞ்சள் படலம். கூடை நிறைய இலைக்குச் சில துளிதான், பாவம்.

எண்ணெயில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கருவிக்கு ஒரு சொட்டிலும் சிறு பங்கே போதும். கருவிக்குள் சுமார் 30 மீட்டர் நீளத்தில், உள்ளே கால் மில்லிமீட்டர் அகலத்தில் சுருட்டிவைத்த குழாய். ஹீலியம் வாயு எண்ணெயாவியைத் தள்ளிக்கொண்டு போகும். குழாயின் உட்பூச்சில் ஒட்டி ஒட்டிப் போவதால் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியேறும். வந்ததை எலக்ட்ரான்கள் அடித்து உடைக்க, துண்டுகளின் நிறையை வைத்து ஆளை அடையாளம் காணலாம்.

இங்கேதான் சிக்கல். இந்த எண்ணெயில் பெரும்பாலும் முன்னிற்கும் பொருட்களான கார்வக்ரால், தைமால் இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 150. உடையும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. இரட்டைப் பிள்ளைகள்! தைமால் சற்று முந்தி வெளியே வருவதால்தான் பிரித்தறிய முடிகிறது. எது கூடுதல் என்பது மண்ணுக்கும் செடிக்கும் ஏற்ப மாறும். ஓமத்தின் வாசனைக்கும் அதே தைமால்தான் காரணம்.