3 ஆண்டு டிகிரிக்கு 3,600 மணி நேரம்... 'கரஸ்'ஸில் படிக்கும் பெண்களுக்கு அந்த நேரம் எங்கே போகிறது?

ஃபீஸ் கட்டியாச்சு. புத்தகமும் வந்தாச்சு. முதல் ஒரு மாதம் ஆர்வமாக நாலு பாடம் ஓடும். அப்புறம் வீட்டில் ஒரு விசேஷம், பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆஸ்பத்திரி. பரீட்சை தேதி வரும்போது பாதிப் புத்தகம் பிரிக்காமலே கிடக்கும். "இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் பல பெண்களின் டிகிரி அப்படியே நின்றுவிடுகிறது.

இதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணமா? இல்லை. இது ஒரு எளிய மணிக் கணக்கு. அந்தக் கணக்கைச் சேரும்போதே தெரிந்துகொண்டால், படிக்கிற முறையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மதுரைக்குப் பழகிய படிப்பு

இந்தியாவில் முதன்முதலாக 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அடுத்த 9 ஆண்டுகளில், அதாவது 1971-ல், மதுரைப் பல்கலைக்கழகமும் ஆரம்பித்துவிட்டது. இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான் அது. பிறகு 1985-ல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. அதனால், "தபால்ல படிக்கிறேன்", "கரஸ்ல படிக்கிறேன்" என்பது மதுரைக்காரர்களுக்கு ஐம்பது ஆண்டுகளாகப் பழகிய பேச்சு.

வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கோரிப்பாளையத்திலேயே மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. தூரம் பிரச்னை இல்லை, நேரம்தான் பிரச்னை. செல்லூர் தறிக்குப் பேர்போன ஊர். தறி ஓடுகிற வீட்டில் தார் சுற்றுவதும், நூலைச் சரிபார்ப்பதும் வீட்டு வேலையோடு வேலையாகப் பெண்கள் கைக்கு வந்துவிடும். காலையில் கிளம்பி மதியம் வரை வகுப்பில் உட்கார முடியாத ஒரு பெண்ணுக்கு அஞ்சல்வழிப் படிப்புதான் திறந்திருக்கும் கதவு.

நாடு முழுவதும் இதே நிலைதான். மத்திய அரசின் உயர்கல்வி கணக்கெடுப்பின்படி 2020-21-ல் தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள் 45.71 லட்சம் பேர். அதில் பெண்கள் 20.9 லட்சம் பேர்.

3,600 மணி நேரம்: கணக்கு என்ன?

இப்போதைய பட்டப்படிப்புகள் 'கிரெடிட்' கணக்கில் நடக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பாடத்திட்ட வரைவுப்படி 3 ஆண்டு இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். தொலைதூரக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 30 மணி நேரம். பாடம் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, நேர்முக வகுப்புக்குப் போவது எல்லாம் இதற்குள் அடக்கம்.

120 x 30 = 3,600 மணி நேரம். மூன்று ஆண்டுகளுக்கு வகுத்தால் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 3 மணி 17 நிமிடம்!

அந்த நேரம் எங்கே போகிறது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடங்கள். அதாவது, கிட்டத்தட்ட 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவதோ 97 நிமிடங்கள்தான்.

வித்தியாசம் 202 நிமிடம். மணிக் கணக்கில் 3 மணி 22 நிமிடம். ஒரு டிகிரிக்குத் தினமும் தேவைப்படுகிற நேரமும் ஏறக்குறைய அதே அளவுதான்!

ஆக, ஒரே பாடத்துக்குச் சேர்ந்த அண்ணனும் தங்கையும் ஒரே புத்தகத்தை வாங்கினாலும், அதைப் படிக்கிற நேரம் தங்கையிடமிருந்து அடுப்படிக்குப் போய்விடுகிறது. 'மனசு வச்சா படிக்கலாம்' என்று சொல்வது சுலபம். மனசு மட்டும் போதாது, வீட்டில் யாராவது ஒருவர் பாத்திரத்தையும் கையில் எடுக்க வேண்டும்.

3 வருஷத்தில் முடிச்சே ஆகணுமா?

அவசியமில்லை. இக்னோவில் இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மற்ற பல்கலைக்கழகங்களிலும் இப்படி ஒரு உச்சவரம்பு உண்டு. சேரும்போதே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே 3,600 மணி நேரத்தை 6 ஆண்டுக்கு வகுத்தால் தினமும் சுமார் 1 மணி 39 நிமிடம் போதும். இக்னோ தேர்வுகள் ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கின்றன. எல்லாப் பேப்பரையும் ஒரே மூச்சில் எழுதப் போய் எல்லாவற்றிலும் தவறுவதைவிட, ஒரு தேர்வுக்கு இரண்டு, மூன்று பேப்பர் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். நான்கரை வருஷத்தில் வாங்கினாலும் பட்டம் பட்டம்தான்.

துண்டு துண்டாகப் படித்தால் மண்டையில் நிற்குமா?

நிற்கும். அதற்குப் படிக்கிற விதம் முக்கியம். 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக (செயின்ட் லூயிஸ்) உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரே பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40%. எழுதிப் பார்த்தவர்களுக்கோ சுமார் 61%.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இது நல்ல செய்தி. காரணம், நினைவுபடுத்திப் பார்க்கப் புத்தகம் கையில் இருக்க வேண்டியதில்லை. காலையில் 20 நிமிடம் ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, தார் சுற்றும்போதோ, காய் நறுக்கும்போதோ "அதுல மொத்தம் எத்தனை காரணம் சொன்னாங்க?" என்று மனசுக்குள் கேட்டுப் பார்க்கலாம். எங்கே தட்டுகிறதோ அதை மட்டும் இரவில் புரட்டினால் போதும். பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னாலும் இதே பலன்தான். அஞ்சல்வழிப் பாடநூல்களில் இடையிடையே வரும் பயிற்சிக் கேள்விகளைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் அதுதான் புத்தகத்தின் உயிர்.

கோட்டை விடக்கூடாத இரண்டு

ஒன்று, அசைன்மென்ட். இக்னோவின் பெரும்பாலான பாடங்களில் 30% மதிப்பெண் அசைன்மென்ட்டுக்கும் 70% தேர்வுக்கும் போகிறது. வீட்டிலேயே உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்து வாங்கக்கூடிய அந்த 30-ஐக் கடைசி நாளில் அவசர அவசரமாக எழுதி வீணாக்கக் கூடாது.

இரண்டு, கை. பள்ளியை விட்டுப் பத்து வருஷமானவர்களுக்குப் பதில் தெரிந்தாலும் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத வராது. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது வாரம் ஒரு நாள், கடிகாரத்தை வைத்து ஒரு பழைய கேள்வித்தாளை முழுசாக எழுதிப் பார்ப்பது நல்லது.

வீட்டில் இடம் இல்லையா?

ஒரே அறையில் தறி, டிவி, பிள்ளைகள் என்றால் எங்கே உட்கார்ந்து எழுதுவது? மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்டது. செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் தாண்டினால் எட்டிவிடும் தூரம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வாரத்தில் ஒரு அரை நாள் அங்கே உட்கார முடிந்தால், அசைன்மென்ட்டும் மாதிரித் தேர்வும் முடிந்துவிடும்.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

* எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடத்துக்கு, இந்த ஆண்டு அனுமதி பெற்றிருக்கிறது என்பதை யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்க வேண்டும். போன வருஷ அனுமதி இந்த வருஷத்துக்குச் செல்லும் என்று நம்பிவிடக் கூடாது.

* முறையான அனுமதியுடன் பெறும் தொலைதூரப் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்கு இணையானது என்கிறது யுஜிசி.

* பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகப் பட்டம் பெற்றால் தமிழ்நாடு அரசு வேலைக்குச் சிக்கல் வரும். அரசு வேலைதான் இலக்கு என்றால், முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூ முடித்துவிடுவது பாதுகாப்பு.

* மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அஞ்சல்வழி, தொலைதூரக் கல்வி மாணவிகளுக்குப் பொருந்தாது. அதை நம்பி ஃபீஸ் கணக்குப் போட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபீஸ் கட்டும் நாளிலேயே வீட்டில் ஒரு பேச்சு நடக்க வேண்டும். "தினமும் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பதரை வரை இவ படிக்கணும். அந்த நேரத்துல அடுப்படியை யார் பார்த்துக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், பாதி டிகிரி அன்றைக்கே முடிந்த மாதிரி.