ஓய்வுக் காலத்துக்குத் தாயகம் திரும்பும் வெளிநாட்டுக் குடிமக்கள்: வீடு உண்டு, வயல் இல்லை

புது தில்லி: ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் 1877-ம் ஆண்டில் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். இன்றைய மூணாறை உள்ளடக்கிய அந்நிலப்பரப்பு ஒரு லட்சம் ஏக்கருக்கும் அதிகம். ஓர் அன்னியருக்கு அதற்கு ஒரு பத்திரமே போதுமானதாக இருந்தது.

இன்று நிலைமை நேர் எதிரானது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற ஒருவர், அதே மலையில் பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், அங்கே ஓர் ஏக்கர் ஏலத் தோட்டத்தைக்கூட விலைக்கு வாங்க முடியாது. பணி ஓய்வுக்குப் பின் தமிழக-கேரள எல்லையில் குடியேற விரும்பும் வெளிநாட்டுக் குடிமக்கள் முதலில் அறிய வேண்டிய உண்மை இதுதான்.

பாலக்காடு மாவட்டத்தில் கல்பாத்தி, நூரணி போன்ற அக்ரஹாரங்களும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வட்டாரங்களும் தமிழ் வழங்கும் பகுதிகள். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, அதுவரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துடன் இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும், இங்கிருந்து கடல் கடந்தவர்கள் ஏராளம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா எனச் சென்று அந்தந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்ட தலைமுறை இப்போது ஓய்வு பெறுகிறது. கல்பாத்தித் தேரையும் கோவைக்கு அருகாமையையும் எண்ணித் திரும்ப நினைக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஊர் திரும்பும் பிள்ளைகள் அல்லர், வெளிநாட்டினர்.

குடியுரிமை அல்ல, அட்டைதான்

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது; இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு மாற்றாக, 2005-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் கீழ் "வெளிநாட்டு இந்தியக் குடிமகன்" அட்டை வழங்கப்படுகிறது. முன்னர் தனியாக இருந்த இந்திய வம்சாவளியினர் அட்டை 2015 ஜனவரியில் இதனுடன் இணைக்கப்பட்டது.

பெயரில் "குடிமகன்" என்ற சொல் இருந்தாலும் இது குடியுரிமை அன்று. வாழ்நாள் முழுவதும் விசா இன்றி வந்து போகலாம். எத்தனை ஆண்டுகளும் தங்கலாம். வாக்குரிமை இல்லை, தேர்தலில் நிற்க முடியாது. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தோருக்கும் அவர்தம் வழியினருக்கும் இந்த அட்டை கிடையாது. திருமண உறவின் அடிப்படையில் அட்டை பெற்ற வெளிநாட்டுக் கணவரோ மனைவியோ விவாகரத்து ஆனால் அதை இழக்க நேரிடும்.

நிலத்தில் விழும் கோடு

அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளின்படியும், மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் அறிவிக்கையின்படியும், இந்த அட்டைதாரர் வீடோ, அடுக்குமாடிக் குடியிருப்போ, கடையோ வாங்கத் தடையில்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றும் கூடாது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வரும் வயலை வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். விலையை வங்கி வழியாகவே செலுத்த வேண்டும், ரொக்கம் கூடாது.

ஆகவே கல்பாத்தியில் அக்ரஹார வீடு வாங்குவது எளிது. சித்தூரில் தென்னந்தோப்பும், வண்டன்மேட்டில் ஏலத் தோட்டமும், மறையூரில் கரும்புக் காடும் எட்டாக்கனி.

இங்கே தமிழர்களைத் தடுமாற வைக்கும் ஒரு சொல்லும் உண்டு. கேரள வருவாய்ப் பதிவேடுகளில் "நிலம்" என்றால் நெல்வயல் என்று பொருள். வீடு கட்டும் மேட்டு நிலத்துக்குப் "புரயிடம்" என்று பெயர். பத்திரத்தில் "நிலம்" என்றிருப்பதைப் பொதுச் சொல்லாக எண்ணி முன்பணம் கொடுப்பவர், அன்னியச் செலாவணி விதிகளிலும், 2008-ம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒருசேரச் சிக்குவார்.

இடுக்கியில் மற்றொரு முடிச்சு. அங்கே பல பட்டாக்கள் 1964-ம் ஆண்டு விதிகளின்படி சாகுபடிக்கும் குடியிருப்புக்கும் என்றே வழங்கப்பட்டவை. அத்தகைய நிலத்தில் எழுந்த விடுதிகள் பெரும் வழக்குகளாயின. 2007-ல் அச்சுதானந்தன் அரசு மூணாறில் சட்டவிரோதக் கட்டடங்களை இடித்ததை நாடே பார்த்தது. 2023-ல் கேரளச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. எனினும் பட்டா எந்த நோக்கத்துக்கு அளிக்கப்பட்டது என்பதைப் பாராமல் வாங்குவது இன்றும் ஆபத்தே. அட்டப்பாடியில் பழங்குடியினரின் நிலத்தை மற்றவர் பெறுவதற்குத் தனிச் சட்டத்தின் கட்டுப்பாடு உள்ளது.

இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டினர் வெளிநாட்டில் வசித்துக்கொண்டு இங்கே சொத்து வாங்க முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத குத்தகைக்கு வீடு எடுக்கலாம். இந்த அட்டை இல்லாத இலங்கை, சீனா, நேபாளம் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்களுக்கு இங்கேயே வசித்தாலும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை.

"யார் கேட்கப் போகிறார்கள்" என்ற துணிச்சலும் செல்லாது. பெங்களூரில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி 1977-ல் தானமாக எழுதிக் கொடுத்த சொத்து குறித்த வழக்கில், 44 ஆண்டுகளுக்குப் பின், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தானம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அது பழைய அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு. ஆயினும் பிழையான பத்திரத்தின் சுமை அடுத்த தலைமுறையின் தலையில் விழும் என்பதற்கு அதுவே சான்று.

ஓய்வூதியமும் மருத்துவமும்

பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வசிப்போருக்கும் கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் அந்நாட்டில் தரப்படும் உயர்வு கிடைக்காது. முதல் நாள் பெற்ற தொகையே இருபது ஆண்டுகளுக்குப் பின்னும். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் இந்தியாவிலும் வரும். அந்நாட்டு முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இங்குள்ள மருத்துவமனைகளுக்குப் பொதுவாகப் பொருந்தாது. எங்கு வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமகன் அந்நாட்டு வருமான வரிக் கணக்கிலிருந்து விடுபட முடியாது.

இந்தியாவில் ஓர் ஆண்டில் 182 நாள்கள் தங்கினால் வரிச் சட்டப்படி "இந்தியாவில் வசிப்பவர்" ஆகிவிடுவர். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புவோருக்குத் தொடக்கத்தில் சில ஆண்டுகள் வெளிநாட்டு வருமானத்துக்குச் சலுகை உண்டு. பின்னர் உலகெங்கும் ஈட்டும் வருமானமும் கணக்கில் வரும்.

இந்தியாவில் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்க 65 வயது என்ற வரம்பு 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டுகள்வரை காத்திருக்க நேரலாம். திரும்பிய பின் காப்பீடு தேடுவதைவிட, திட்டமிடும்போதே தேடுவது அறிவுடைமை. பாலக்காட்டில் இருப்போருக்குக் கோவை மருத்துவமனைகள் அருகே உள்ளன. மலைமேல் குடியேறுவோர், மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் எண்ண வேண்டும்.

மீண்டும் குடிமகனாக விரும்புவோருக்கும் வழி உண்டு. அட்டை பெற்று ஐந்தாண்டுகள் கழிந்து, விண்ணப்பத்துக்கு முன் பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்தவர் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறந்தாக வேண்டும்.

கொள்கை எங்கே?

மலேசியா 2002 முதல் வெளிநாட்டினர் நெடுங்காலம் தங்கத் தனித் திட்டம் நடத்துகிறது. தாய்லாந்து ஐம்பது வயது கடந்தோருக்கு ஓய்வுக்கால விசா அளிக்கிறது. இந்தியாவில் அப்படியொரு விசா இல்லை. 1946-ம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்துக்கு மாற்றாக 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் ஓய்வு பெற்றோர் என்று தனி இனம் எதையும் உருவாக்கவில்லை.

கதவை அகலத் திறக்க வேண்டும் என்போர் ஒரு காட்சியை மறக்கலாகாது. மூணாறுத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளி, ஓய்வு பெறும்போது தோட்டத்து லயத்தைக் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களைப் பலி கொண்டபோதுதான் அந்த லயங்கள் நாட்டின் கண்ணில் பட்டன. டாலரும் பவுண்டும் நில விலையை உயர்த்தினால், ஐந்து சென்ட் மனைக்காகக் காத்திருக்கும் அந்தத் தொழிலாளிக்கு அது மேலும் எட்டாமல் போகும். வயலுக்கும் தோட்டத்துக்கும் போடப்பட்ட தடை இந்த வகையில் நியாயமானதே.

ஆனால் தடை மட்டுமே கொள்கையாகிவிடாது. முதுமையில் பிறந்த ஊருக்குத் திரும்புபவருக்குத் தோட்டம் வேண்டாம். வில்லங்கமற்ற ஒரு வீடும், நம்பத்தக்க மருத்துவமும், தெளிவான விதிகளும் போதும். மலையில் உழைத்து ஓய்வு பெற்றவருக்கோ, சொந்தமாக ஒரு கூரை வேண்டும். இருவரும் ஒரே மண்ணைக் கேட்கின்றனர். யாருக்கு எது என்பதைத் தில்லியும் திருவனந்தபுரமும் சேர்ந்து சொல்ல வேண்டிய நேரம் இது.