சாரக் கம்பு பட்டியலில் இல்லை

எழும்பூர் ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கும் பணிக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு சுமார் ₹735 கோடி. 1908இல் திறந்த நிலையம். பணிக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றினார்களே தவிர நிலையத்தை மூடவில்லை, மூடவும் முடியாது. ஒரு பக்கம் கிரேன், மறுபக்கம் பெட்டி படுக்கையோடு குடும்பங்கள்.

ஆபத்து என்றதும் கண் மேலே போகும். போகட்டும், 2025 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நிலையத்தில் கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் சரிந்து தொழிலாளர்கள் சிக்கினார்கள். ஆனால் பயணிக்கு அன்றாட ஆபத்து, வழி சுருங்குவதுதான். 2017 செப்டம்பரில் மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தில் 23 பேர் நெரிசலில் இறக்க, ஒரு குறுகிய படிக்கட்டும் மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் போதுமானதாக இருந்தன. தகர வேலி அடைக்குமுன் மாற்று வழியைத் திறந்தாக வேண்டும். பாரம் தூக்குவதென்றால், கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, 25,000 வோல்ட் மின்கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே தூக்க வேண்டும். இதில் குறை கண்டால் ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிவிடுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

அடிபட்டால்? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஓட்டை இருக்கிறது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 124ஏ யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு தருகிறது; உயிரிழப்புக்கு ₹8 லட்சம். ஆனால் அது ரயிலிலிருந்து தவறி விழுவது, நிலையத்தில் நடக்கும் கொள்ளை, கலவரம், பயங்கரவாதத் தாக்குதல் போன்றவற்றுக்குத்தான். சாரக் கம்பு தலையில் விழுவது அந்தப் பட்டியலில் இல்லை. எனவே நுகர்வோர் ஆணையத்துக்கோ சிவில் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நியாயமில்லைதான், ஆனாலும் இன்றைய நிலை அது.

ஆகவே டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். விழுந்த பொருளையும் வேலி, எச்சரிக்கைப் பலகை இருந்தனவா இல்லையா என்பதையும் அங்கேயே படம் எடுங்கள். மறுநாள் எல்லாம் மாறியிருக்கும். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்பதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். ரயில்வே போலீசில் புகார் கொடுங்கள். கைதுக்குரிய குற்றமென்றால், எல்லையைக் காட்டி எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. மனுக் கட்டணம் நாம் கொடுத்த விலையை வைத்துக் கணக்கிடப்படுவதாலும், ₹5 லட்சம் வரை விலக்கு இருப்பதாலும் ரயில் பயணிக்கு அந்தச் செலவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அடிபடும் தொழிலாளிக்கு டிக்கெட் கிடையாது, வேறு உரிமை உண்டு. துணை கான்ட்ராக்டர் கைவிரித்தாலும், வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனத்திடமே அவர் இழப்பீடு கோரலாம்.