ஹீமோகுளோபின் சரி, இரும்பு இருப்பு எவ்வளவு?

"வேலை முடியுறதுக்குள்ள கை கால் ஓய்ஞ்சு போகுது, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, சீப்பு நிறைய முடி வருது." இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் பெண்ணுக்கு முதலில் எடுக்கப்படுவது ஹீமோகுளோபின் பரிசோதனைதான். 12.2 என்று வருகிறது. "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அசதி மட்டும் போகவில்லை. நாளடைவில் வீட்டிலிருப்பவர்களே அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லத் தொடங்குகிறார்கள்.

ரத்தத்தில் ஓடும் இரும்பை அளந்தாயிற்று. உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பை யாரும் அளக்கவில்லை. அதை அளந்து சொல்வது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை.

அணையும் வாய்க்காலும்

நெல்லைச் சீமையில் நாளிதழைப் பிரித்ததும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத் தேடுபவர்கள் ஏராளம். 143 அடி அணையில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கினாலும், மதகு திறந்திருக்கும்வரை கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடத்தான் செய்யும். வாய்க்காலை மட்டும் பார்த்து அணையின் நிலையைச் சொல்ல முடியாது. உடம்பின் இரும்பும் அப்படித்தான்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருந்து உயிர்வளியைச் சுமக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் இருப்பாக இருக்கிறது. சாப்பாட்டில் இரும்பு குறைந்தாலோ ரத்தம் அதிகம் போனாலோ, உடம்பு முதலில் கை வைப்பது இந்த இருப்பில்தான். இருப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் சரியும். ரத்தசோகை என்பது கடைசிக் கட்டம்.

ஃபெரிட்டினில் சிறிதளவு ரத்தத்திலும் கலந்து ஓடுகிறது. இருப்பு எவ்வளவோ அதற்கேற்ப இந்த அளவும் ஏறி இறங்கும். 1972ல் பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் அதை ரத்தத்தில் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு இருப்பை உறுதியாக அறிய எலும்பு மஜ்ஜையில் ஊசி குத்தி எடுத்துச் சாயமிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு ரத்தமே போதும்.

தாமிரபரணிக் கரையில் ஏன் இந்தப் பேச்சு?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. இவர்கள் ஹீமோகுளோபின் குறைந்துவிட்டவர்கள். இருப்பு தீர்ந்து, ஹீமோகுளோபின் மட்டும் இன்னும் தாக்குப்பிடிக்கும் பெண்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் ஒரு நாளைப் பாருங்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டீ. பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தட்டோடு உட்கார்ந்தால், இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி என்று கை ஓயாது. காலைச் சாப்பாடு பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ, அதோடு இன்னொரு டீ. கணக்கு முடிக்கும் அவசரத்தில் மதியச் சோறு குழம்போடு முடிந்துவிடும். கீரையும் கறியும் மற்றவர்கள் தட்டுக்குப் போய்விடும். தேயிலையிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போனாலும் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று யாரிடமும் சொல்வதில்லை.

வயலில் வெறுங்காலோடு இறங்கி நாற்று நடுபவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும்.

ஓர் அடையாளத்தை வீட்டிலிருப்பவர்களே கவனிக்கலாம். பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்பது, பல்பம், சாம்பல், மண், ஐஸ் கட்டி இவற்றின் மேல் அடங்காத ஆசை வருவது இரும்புக் குறைவால் இருக்கலாம். பிள்ளையை அதட்டுவதைவிட ரத்தம் பார்ப்பது நல்லது.

யாரெல்லாம் பார்க்க வேண்டும்?

அதிக உதிரப்போக்கு உள்ள பெண்கள், வயதுக்கு வந்த பிறகு அடிக்கடி சோர்ந்து போகும் பிள்ளைகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி ரத்ததானம் செய்பவர்கள், கறி மீன் சேர்க்காதவர்கள், காரணம் தெரியாமல் முடி கொட்டுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஃபெரிட்டின் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. ஃபெரிட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்றால் இருப்பில் இருப்பது ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான். அந்த நிலையில் கர்ப்பத்தைத் தொடங்கும் பெண்ணுக்குச் சாப்பாடு மட்டும் போதாது.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். மூலம், வயிற்றுப்புண், சில சமயம் பெருங்குடல் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். மாத்திரை போட்டுக்கொண்டு காரணத்தைத் தேடாமல் இருப்பது ஆபத்து.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

ஃபெரிட்டினுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. அதோடு சீரம் இரும்பும் சேர்த்துப் பார்ப்பதானால் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஆரோக்கியமாக உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த எல்லை 12. அறிகுறிகள் இருந்தால் 30க்குக் கீழே வந்தாலே பல மருத்துவர்கள் சிகிச்சை தொடங்குகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில லேப்களின் ரிப்போர்ட்டில் பெண்களுக்கான இயல்பு அளவே 10, 11 என்று தொடங்கும். 13 என்று வந்தால் தடித்த எழுத்தில் அச்சாகாது; குறைவு என்ற குறியும் இருக்காது. எனவே எண்ணைப் பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம், கொழுப்பு படிந்த கல்லீரல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். அதனால் தொற்றோ அழற்சியோ உள்ள பெரியவர்களுக்கு 70க்குக் கீழே இருந்தாலே குறைவு என எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அதே வழிகாட்டல். டெங்கு, சளிக்காய்ச்சல் வந்து எழுந்தவர்கள் சில வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் மருத்துவர் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் சேர்த்து எழுதுவார்.

நிரப்பும் வழி

முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் உளுந்தங்களியும் நல்ல சாப்பாடுதான். ஆனால் கீரை, பயறு, தானியத்தில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ நெல்லிக்காய், கொய்யா சேர்த்தாலோ அந்தப் பங்கு கூடும். டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். பீட்ரூட்டின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் உண்டு. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். 1937ல் ஃபெரிட்டினை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் ஒரு மண்ணீரலிலிருந்துதான், குதிரையுடையது.

இருப்பு தீர்ந்த பிறகு மாத்திரை தேவைப்படும். அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரையும், பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரையும் இலவசமாகத் தருகிறார்கள். பல வீடுகளில் அவை அலமாரியிலேயே கிடக்கின்றன. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் பலன் கிடைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடக்கூடாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பிரசவம் நெருங்கியவர்களுக்கும் டிரிப்ஸ் மூலம் இரும்பு மருந்து ஏற்றுவார்கள்.

கேட்டு வாங்குங்கள்

ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவு ஆகாது. பி12, ஃபோலிக் அமிலக் குறைவாலும், தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறாலும் வரும். தலசீமியா உள்ளவருக்கு இருப்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். அதிகப்படி இரும்பை வெளியேற்ற உடம்பில் வழியில்லை. அது கல்லீரலிலும் இதயத்திலும் படியும். அளக்காமல் மாதக்கணக்கில் டானிக் குடிப்பது அதனால்தான் தவறு.

ஹீமோகுளோபின் பரிசோதனை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது. ஃபெரிட்டின் தேவையா, எங்கே எடுக்கலாம் என்று அங்கேயே கேளுங்கள். தீராத குறைவுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லலாம்.

சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறிவிடும், தெம்பும் வந்துவிடும். பலரும் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். ஆனால் இருப்பு நிரம்ப இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை தொடர்ந்து சாப்பிட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் ஃபெரிட்டினை மறுபடி பார்த்து, அந்த எண் உயர்ந்த பிறகு அவர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.