'டிக்... டிக்...' சத்தம் போட்ட ஹார்ட் டிஸ்க்: பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன் என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை, கரண்ட் பில் கட்டலாம் என்று வீட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் லோகோவோடு அப்படியே நின்றுவிட்டது. கேபினட்டுக்குள்ளே 'டிக்... டிக்...' என்று சத்தம். 2014-ல் வாங்கிய பெட்டி அது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் போனால் போகட்டும். அதற்குள் 'அப்பா' என்று ஒரு போல்டர் இருந்தது. அவருடைய கடைசி ஆறு வருடப் படங்கள். வேறு எங்கும் காப்பி கிடையாது.

பக்கத்துக் கடையில் சொன்னது: "பார்மட் அடிச்சுப் பார்ப்போம் சார், ஓடிடும்." நல்லவேளை, தலையாட்டவில்லை.

ஏன் என்று புரிய, ஹார்ட் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது ஒரு நொடிக்கு 120 முறை சுற்றுகின்றன. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி 'ஹெட்' தகவலைப் படிக்கிறது. ஹெட் பழுதாகி, தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போதுதான் பெரும்பாலும் அந்த 'டிக் டிக்' வரும். அந்த நிலையில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஹெட் தட்டில் உரசி, படம் இருக்கும் இடத்தையே சுரண்டிவிடலாம்.

முதல் வேலை: ஆஃப் செய்யுங்கள்

சத்தம் இல்லாமல் டிஸ்க் காணாமல் போயிருந்தால், முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். நூறு இருநூறு ரூபாய் கேபிள் தளர்ந்ததற்காக டிஸ்க்கையே குப்பையில் போட்டவர்கள் உண்டு.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபைல் திறக்க ஆமை வேகம் என்றால் 'பேட் செக்டர்' பிரச்சினையாக இருக்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். 'காஷன்', 'பேட்' என்று வந்தால் வேறு எதையும் நோண்டாமல் முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 'செக்டிஸ்க்' ஓட்டிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். அது சாகும் டிஸ்க்கின் மேலேயே எழுதுகிறது, இருப்பதையும் கலைத்துவிடக்கூடும். லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்று ஒரு கருவி உண்டு. நல்ல பகுதிகளை முதலில் காப்பி எடுத்துவிட்டு, கெட்டுப்போன பகுதிகளிடம் கடைசியாகத்தான் போய் மல்லுக்கட்டும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

'டிக் டிக்' கேட்டால் இதெல்லாம் எதுவும் வேண்டாம். நேராக டேட்டா ரெக்கவரி செய்யும் இடம்தான். தூசி இல்லாத அறையில் பிரித்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்துவார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே ஈரம் கோத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

எனக்கு அந்தச் செலவு, பிறகு வாங்கிய எஸ்எஸ்டி, ரேம் இரண்டும் சேர்ந்ததைவிட அதிகம்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

பத்து வருடப் பெட்டியில் பெரிய வித்தியாசம் தருவது எஸ்எஸ்டிதான். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும் நேரம். ஹெட் ஓடி ஓடித் தேட வேண்டியதில்லை என்பதால், ஆன் ஆகி முடிக்க மூன்று நிமிடம் எடுத்த பெட்டி அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது.

கடையில் "என்விஎம்இ வாங்குங்க, இன்னும் ஸ்பீடு" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கால மதர்போர்டுகள் பலவற்றில் அதற்கான எம்.2 ஸ்லாட்டே இருக்காது. இருந்தாலும் அதிலிருந்து பூட் ஆகாமல் போகலாம். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். எச்81 போன்ற போர்டில் இரண்டு சாட்டா போர்ட் மட்டும்தான் 6 ஜிபிபிஎஸ் வேகம். மற்ற இரண்டும் பாதிதான். வேகமான போர்ட்டில் செருகச் சொல்லுங்கள்.

ரேமில் பலர் ஏமாறுவது, டிடிஆர்3 போர்டுக்கு டிடிஆர்4 வாங்கி வருவது. வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் பொருந்தாது. 8 ஜிபி ஆக்கினால் ப்ரௌசரில் இருபது டேப் திறந்து வைப்பவர்களுக்கும் தாங்கும்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. பிராசஸரை மாற்றப் போனால் போர்டு, போர்டை மாற்றினால் ரேம், அப்புறம் எஸ்எம்பிஎஸ் என்று இழுத்துக்கொண்டே போகும். அந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாம்.

விண்டோஸ் என்ன ஆகும்?

இதுதான் உண்மையான சிக்கல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் அந்த ரிஸ்க் தேவையா?

நான் லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். அம்மாவுக்கு யூடியூப், எனக்கு ப்ரௌசர், தமிழ் டைப்பிங் எல்லாம் ஓடுகிறது. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் புது மெஷின் பார்ப்பதே நல்லது.

ஒரு விஷயம்: எஸ்எஸ்டி சத்தம் போட்டு எச்சரிக்காது. ஒரு நாள் திடீரென்று நின்றுவிடும். அழித்த ஃபைலை அதிலிருந்து மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம். இப்போது 'அப்பா' போல்டர் கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க் தங்கை வீட்டில்.

பெரும்பாலான படங்கள் திரும்பி வந்தன. சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. 2017 பொங்கல் படங்கள் வரவே இல்லை. பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போட மனசில்லை. மேஜை டிராயரில்தான் இருக்கிறது.