வாகன ஒலி அமைப்பில் ஆம்ப்ளிஃபயர்–சப்வூஃபர் திறன் பொருத்தம்

வாகன ஒலி அமைப்பில் திறன் பொருத்தம் என்பது, தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை எழுப்பும் சப்வூஃபருக்கு ஏற்ற மின்திறனைத் தரும் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்து இணைப்பதாகும். சப்வூஃபர் தாங்கும் தொடர் திறன், அதன் மின்மறுப்பு, வாகனத்தின் பேட்டரி ஆகிய மூன்றையும் இது சார்ந்தது. நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை போன்ற மலைப்பாதைகளில் பேட்டரியின் நிலை பயணிகளின் பாதுகாப்பையும் பாதிக்கக்கூடும்.

தொடர் திறன்

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படும் வாட் அளவு பெரும்பாலும் கணநேர உச்சத் திறனாகும். ஒப்பிட வேண்டியது ஆர்.எம்.எஸ். எனப்படும் தொடர் திறனையே. 300 வாட் ஆர்.எம்.எஸ். சப்வூஃபருக்கு, அதே மின்மறுப்பில் ஏறத்தாழ 300 வாட் ஆர்.எம்.எஸ். தரும் ஆம்ப்ளிஃபயர் பொருந்தும்.

திறன் குறைந்த ஆம்ப்ளிஃபயர் எப்போதும் பாதுகாப்பானது என்று கருதுவது தவறு. அதை எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படும். முழுதும் சதுரமாகிவிட்ட அலையின் திறன், அதே உச்ச மின்னழுத்தமுள்ள சைன் அலையைப்போல் இரு மடங்காகும். எனவே 200 வாட் ஆம்ப்ளிஃபயர் கொள்கையளவில் 400 வாட் வரை செலுத்தி, 300 வாட் சப்வூஃபரின் வாய்ஸ் காயிலைக் கருக்கிவிடலாம்.

மின்மறுப்பு

இரண்டு 4 ஓம் சப்வூஃபர்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தம் 2 ஓம். தொடர் இணைப்பில் 8 ஓம். குறைந்தது 4 ஓம் தேவைப்படும் ஆம்ப்ளிஃபயரில் 2 ஓம் சுமையை இணைத்தால் மின்னோட்டம் மிகுந்து அது சூடேறும், பழுதடையவும் கூடும்.

பேட்டரி

300 வாட் வெளியீட்டுக்கு 75% செயல்திறனுள்ள ஆம்ப்ளிஃபயர் 400 வாட் எடுத்துக்கொள்ளும். 13.8 வோல்ட்டில் இது ஏறத்தாழ 29 ஆம்பியர். பாடல்களில் சராசரித் தேவை இதைவிடக் குறைவு. இருப்பினும் சராசரியாக 10 ஆம்பியர் எடுத்தால்கூட, 45 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி நான்கரை மணி நேரத்தில் தீரும். இன்ஜினைக் கிளப்பும் வலுவை அதற்கு முன்பே இழந்துவிடும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் பொருத்துவதும் அவசியம். அது இல்லாவிட்டால், உரசிச் சேதமடைந்த கம்பி வண்டியின் உலோக உடலைத் தொட்டுத் தீப்பிடிக்கலாம்.

மலைப்பாதையில்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றத்தில் கீழ் கியரில் இன்ஜின் வேகமாகச் சுழல்வதால் ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் தருகிறது. மேலே இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கும்போதுதான் பேட்டரி இறங்குகிறது. பேட்டரி தீர்ந்த வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்ப முயல்வது ஆபத்தானது. இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரின் உதவி விரைவில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டீயரிங் வசதியுள்ள பல வண்டிகளில் அதன் உதவியும் கிடைக்காது. வேறொரு வாகனத்தின் பேட்டரியுடன் ஜம்பர் கம்பி இணைத்துக் கிளப்புவதே முறை.

பொருத்தம் சரியாக இருந்தாலும் வளைவுகளில் ஒலியைக் குறைக்க வேண்டும்; எதிரே வரும் வண்டியின் ஹாரன் ஓட்டுநர் காதில் விழ வேண்டும்.